உப்புக்காற்றில் நின்ற டீசல் லோக்கோ: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

மீட்டர் கேஜ் டீசல் ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். அங்கே எங்கள் கைக்கு வந்த லோக்கோ எல்லாம் முந்தின நாள் வரை ஓடியவை. ஓடித் தேய்ந்ததைச் சரிசெய்வதுதான் எங்கள் வேலை. இப்போது மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் நான் கைவைத்திருக்கும் ஒய்டிஎம்-4 என்ற மீட்டர் கேஜ் லோக்கோ வேறு மாதிரி. ஏலத்தில் எடுத்தவர் நூறடித் தண்டவாளம் போட்டு அதை இறக்கி வைத்தார். அப்புறம் எட்டு வருஷம் யாரும் தொடவில்லை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் இந்தத் தோப்பு. கச்சான் காற்று அடித்தாலும் வாடைக்காற்று அடித்தாலும் உப்பு வந்து படிந்துகொண்டே இருக்கும்.

இந்த ரக லோக்கோவை 1961 முதல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி நமக்குக் கொடுத்தது. 1968-லிருந்து வாரணாசியிலேயே செய்தார்கள். வரிசையாக 6 சிலிண்டர், 1400 குதிரைத்திறன், எடை 72 டன். 2007 ஆகஸ்டில் பாம்பன் பாலத்தின்மேல் அகலப்பாதை வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன் ராமேஸ்வரம் பாதையில் பாசஞ்சர், எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் இழுத்த வண்டி. இங்கே உள்ள பெரியவர்களுக்கு அதன் சத்தமே தெரியும்.

ஷெட் பழக்கத்தில் இந்த வேலைக்குள் இறங்கி முதல் ஒரு மாசம் நான் வீணாக்கினேன். ஓடித் தேய்ந்த இன்ஜினில் முதல் சந்தேகம் தேய்மானத்தின் மேல் போகும். நின்று கெட்டதில் முதல் சந்தேகம் தண்ணீர், அடுத்தது உப்பு, அடுத்தது அடைப்பு. தேய்மானம் கடைசி. கீழே எழுதியிருப்பது முழுக்க அந்த வரிசையில்தான். முழு வண்டியை லோக்கோ என்றும், உள்ளே இருக்கும் டீசல் இயந்திரத்தை இன்ஜின் என்றும் சொல்கிறேன்.

தொடுவதற்கு முன்னால் இரண்டு எச்சரிக்கை. ரேடியேட்டர் குழாய் இணைப்புகளில் மஞ்சள் கறை காய்ந்திருந்தால் அது பழைய காலத்துக் குரோமேட் மருந்து. விஷம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், வடிக்கிற தண்ணீரை மண்ணில் விடாதீர்கள், கேனில் பிடித்து வையுங்கள். சைலன்ஸர் பக்கம் சுற்றியிருக்கும் வெள்ளைத் துணி ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைப் பிய்க்காமல் நனைத்து மூடி விட்டு, அதற்கென்று பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

கையால் திருப்பினால் இன்ஜின் அசையவில்லை

பாட்டரி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. வேறொரு ஊரில் ஒரு பழைய இன்ஜினுக்குப் புது பாட்டரி போட்டு, கையால் ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளைந்துபோனது. அந்த இன்ஜின் அதோடு முடிந்தது.

எனவே முதலில் ஆறு சிலிண்டர் ஹெட்டிலும் டெஸ்ட் காக்கை (சின்னச் சோதனை வால்வை) திறந்து விடுங்கள். ராக்கர் மூடிகளைக் கழற்றி, ராக்கர்மேல் புது லூப் ஆயிலை (இன்ஜின் எண்ணெயை) தாராளமாக ஊற்றுங்கள். அப்புறம் ஜெனரேட்டர் முனையில் பார் போட்டு, இரண்டு பேர் நின்று, மெதுவாகத் திருப்ப வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு முழுச் சுற்று வந்தால்தான் ஆறு சிலிண்டரும் பார்த்ததாகக் கணக்கு.

எங்கள் லோக்கோவில் அசையவே இல்லை. பிஸ்டன் ரிங்கும் லைனரும் (சிலிண்டரின் உள்குழாய்) துருவால் ஒட்டிக்கொண்டன என்று முடிவு செய்தேன். டீசலைத் தூவும் நாசில்களைக் கழற்றி, அந்தத் துளை வழியே மண்ணெண்ணெயும் லூப் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஊற்றி ஊறவிட்டோம். மூன்று நாள், அப்புறம் ஒரு வாரம். அசையவில்லை. செல்போனில் மாட்டும் சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் லைனர் பளிச்சென்று இருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. இந்த வண்டியில் எக்ஸ்பிரஸர், அதாவது காற்றும் வாக்குவமும் உண்டாக்கும் இயந்திரம், இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டோடு நேராகக் கப்ளிங் போட்டு ஓடுவது. அது இறுகிப் போனாலும் இன்ஜின் திரும்பாது. கப்ளிங்கைக் கழற்றினோம். ஒரே தள்ளில் பார் இறங்கியது. எக்ஸ்பிரஸரின் ஒரு சிலிண்டருக்குள் உப்பு பூத்து, பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தது.

ஆகையால் இறுகிப்போன இன்ஜினில் வரிசை இப்படி: முதலில் எக்ஸ்பிரஸர் கப்ளிங்கைப் பிரித்துப் பாருங்கள். அடுத்து ஜெனரேட்டரின் கார்பன் பிரஷ்களைத் தூக்கிவிடுங்கள். கடலோரத்தில் பிரஷ் உரசும் செம்புக் கம்யூட்டேட்டர்மேல் பச்சைக் களிம்பு பிடித்து பிரஷ் ஒட்டிக்கொள்ளும். அப்படியே திருப்பினால் பிரஷ் உடைந்து தூளாகி உள்ளே போகும். இந்த இரண்டும் இல்லை என்றான பிறகே சிலிண்டருக்கு வர வேண்டும். அங்கேயும் பலம் காட்டக் கூடாது. அஞ்சடிப் பாரில் இரண்டு ஆள் தள்ளி வராததைச் செயின் பிளாக் போட்டு இழுத்தால் எதையாவது உடைத்துத்தான் வரும். ஊறவிடுங்கள், முன்னும் பின்னும் கால் அங்குலம் ஆட்டுங்கள், மறுபடி ஊறவிடுங்கள்.

திரும்பத் தொடங்கியதும் டெஸ்ட் காக்குகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்களுக்கு நாலாவது சிலிண்டரில் துரு நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் பீச்சி அடித்தது. என்னோடு வேலை செய்யும் பையன் பாம்பனில் படகு இன்ஜின் மெக்கானிக். விரலில் தொட்டு நாக்குக்குக் கொண்டுபோனான். "வேண்டாம்ப்பா, குரோமேட் இருக்கும்" என்று கையைப் பிடித்தேன். அவன் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போய், கரைந்த உப்பை அளந்து குடிதண்ணீர் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்து வந்தான். சிலிண்டர் தண்ணீரில் ஒரு முறை, ரேடியேட்டர் வடிகுழாய்த் தண்ணீரில் ஒரு முறை வைத்தான். ரேடியேட்டர் தண்ணீரில் எண் பல மடங்கு அதிகம். அப்படியானால் சிலிண்டரில் இருந்தது மழைத்தண்ணீர். புகைபோக்கியை யாரோ மூடாமல் விட்டதால் மேலிருந்து இறங்கி, எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்த சிலிண்டருக்குள் போயிருக்கிறது. இரண்டு எண்ணும் ஒன்றாக வந்திருந்தால் லைனரோ ஹெட்டோ ஒழுகுகிறது என்று பொருள், வேலை பத்து மடங்கு. இருநூறு சொச்ச ரூபாய் மீட்டர் எங்களுக்கு ஒரு வார வேலையை மிச்சப்படுத்தியது.

பொத்தானை அழுத்தினால் சத்தம் இல்லை, அல்லது முனகி நின்றுவிடுகிறது

இந்த லோக்கோவில் தனி ஸ்டார்ட்டர் கிடையாது. 8 வோல்ட் பாட்டரி 8 சேர்த்து 64 வோல்ட். அதுதான் மெயின் ஜெனரேட்டரை மோட்டாராக்கி இன்ஜினைச் சுற்றுகிறது. சுற்றும்போது மின்னோட்டம் மிகப் பெரியது. ஆகவே வழியில் எங்கே கொஞ்சம் களிம்பு இருந்தாலும் அங்கேயே பலம் போய்விடும்.

பாட்டரியின் ஆசிட் அடர்த்தி 1.250-ஐ ஒட்டி இருந்தும் சுற்றவில்லை என்றால், ஒருவரை ஸ்டார்ட் பொத்தானில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வோல்ட் மீட்டர் வையுங்கள். எந்த இணைப்பில் எண் ஏறுகிறதோ அங்கே களிம்பு. எங்களுக்கு அது பாட்டரிக் கத்தி ஸ்விட்ச்சின் தாடையில் இருந்தது. பார்க்கச் சுத்தமாகத்தான் தெரிந்தது. உப்புத் தாள் போட்டுத் தேய்த்து, மெலிதாக வாஸ்லின் தடவினோம். கம்பி முனைகளில் மாட்டியிருக்கும் லக் வளையத்துக்குள்ளே துரு போயிருந்தால் தேய்த்துப் பயனில்லை, வெட்டிப் புது லக் போடுங்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இங்கே பலரும் முதலில் இன்ஜெக்டரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன்னால் ஓவர்ஸ்பீடு ட்ரிப், அதாவது வேகம் மீறினால் இன்ஜினை நிறுத்தும் கருவி, ரீசெட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தி வைக்கும்போது யாராவது அதைத் தட்டிவிட்டிருந்தால் ராக், அதாவது ஒவ்வொரு பம்பும் எவ்வளவு டீசல் கொடுக்க வேண்டும் என்று அளக்கும் தண்டு, முழுவதும் பூஜ்யத்தில் நிற்கும், ஒரு சொட்டு டீசல் போகாது. ரீசெட் நெம்புகோலைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அது சரியாக இருந்தால் ஃபியூயல் பிரஷர் பாருங்கள். பூஸ்டர் பம்ப் ஓடும்போது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழாயில் காற்று. வடிகட்டியின் மேல் பிளக்கைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விடுங்கள்.

பிரஷர் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் ராக். எட்டு வருஷம் நின்ற டீசல் பம்புக்குள் வார்னிஷ் மாதிரி பிசுபிசுத்துவிடும். ஆறு பம்பின் ராக்கையும் ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிப் பாருங்கள். விரலால் தள்ளினால் போய்த் தானாகத் திரும்ப வேண்டும். ஒன்று இறுகினாலும் இன்ஜினை ஓட்டாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பூஜ்யத்தில் இறுகினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாது, அவ்வளவே. டீசல் கொடுக்கும் நிலையில் இறுகினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் பிடிக்க முடியாது, இன்ஜின் கட்டுமீறி ஏறும். அதனால் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு ஆள் ஃபியூயல் கண்ட்ரோல் ஷாஃப்ட் பக்கத்திலேயே நின்று, சத்தம் ஏறினால் கையால் பூஜ்யத்துக்குத் தள்ளத் தயாராக இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஆள் நான்தான்.

நாசில்களைச் சோதனை மேடையில் வைத்துப் பார்ப்பது நல்லது. 4000 பிஎஸ்ஐ-ஐ ஒட்டித் திறந்து, பனி மாதிரி தூவ வேண்டும். சொட்டினால் மாற்றுங்கள்.

பிடிக்கிறது, பொத்தானை விட்டதும் நிற்கிறது

இது பழுதே இல்லாமல் இருக்கலாம். லூப் ஆயில் பிரஷர் ஏறும்வரை பொத்தானைப் பிடித்திருக்க வேண்டும், எண்ணெய் அழுத்த சுவிட்ச் மூடினால்தான் கவர்னர் இன்ஜினை ஓட விடும். நீண்ட நாள் நின்றதில் எண்ணெய் எல்லா வழியிலும் ஏற நேரம் எடுக்கும். 15 விநாடி பிடித்தும் கேஜ் எழவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மறுபடி மறுபடி முயல்வது பேரிங்கைத் தின்னும். பம்பில் எண்ணெய் நிரப்பி, வெளிப் பம்ப் வைத்து முன்கூட்டியே எண்ணெய் ஏற்றிவிட்டு முயலுங்கள்.

கேஜ் எழுந்தும் நிற்கிறது என்றால், தண்ணீர் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் லோ வாட்டர் சுவிட்ச். தண்ணீர் நிறைய இருந்தும் அது பொய் சொல்லும், உள்ளே மிதவை துருவில் ஒட்டியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கம்பி போட்டு ஷார்ட் செய்து ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

பத்து நிமிஷம் நன்றாக ஓடி, திணறி நிற்கிறது. அரை மணி கழித்து மறுபடி ஓடுகிறது

எங்களை அதிகம் அலையவிட்டது இந்த அறிகுறிதான். முதல் நாள் பிடித்தபோது தோப்பில் நின்ற எல்லோர் முகத்திலும் சந்தோஷம். சத்தம் கேட்டு ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் சத்தம் ஏறி இறங்கியது, ஃபியூயல் கேஜ் நாலிலிருந்து ஒன்றுக்கு வந்தது, நின்றது. வடிகட்டியை மாற்றினோம். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. இன்னொரு வடிகட்டி. அதே கதை. கவர்னர் மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனது.

பையன்தான் சொன்னான்: "மாமா, போட்டுல இப்புடித்தான் வரும். டேங்கு அடியில சேறு கெடக்கு. ஓடுனா கெளம்பி வாயில ஒட்டும், நின்னா கீழ படியும். அதான் அரமணி கழிச்சு ஓடுது."

டேங்கின் வடிகுழாயைத் திறந்தோம். முதலில் தண்ணீர் வந்தது, வாளி வாளியாக. அப்புறம் காப்பி நிறத்தில் கொழகொழவென்று, அழுகின முட்டை நாற்றத்தோடு ஒன்று. கையில் எடுத்தால் சவ்வு மாதிரி நீண்டது. பகல் வெயிலில் டேங்க் சூடாகி, ராத்திரி ஈரக்காற்றை உள்ளே இழுத்து, அந்த ஈரம் குளிர்ந்து அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர் வளரும். நம் கடற்கரையின் வெப்பமும் ஈரமும் அதற்குப் போதும்.

சரிசெய்ய ஒரே வழி, முழுக்க வடித்து, டேங்கின் மேன்ஹோல் மூடியைத் திறந்து கையால் துடைப்பதுதான். தலையை உள்ளே விடாதீர்கள், ஆவி மயக்கும். ஒரு நாள் முழுக்கத் திறந்து காற்றாட விட்டு, வெளியிலிருந்து கம்பில் துணி கட்டித் துடையுங்கள். காட்டன் வேஸ்ட் வேண்டாம், நூல் விட்டுப்போய் அதுவே அடுத்த அடைப்பு ஆகும். பழைய வேட்டித் துணி நல்லது. உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள வலையைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள். அதைக் கழற்றிக் காட்டினபோது பையன் "பார்த்தியளா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னான். வலையின் கண் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு: உறிஞ்சும் பக்கத்தில் காற்றுக் கசிவு. ரிட்டர்ன் குழாயில் உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு முழம் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் கசிவு. குமிழி இல்லாமல் டீசல் மட்டும் மெலிந்துகொண்டே போனால் அடைப்பு.

புகை

கறுப்பு என்றால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைப் பாருங்கள், எங்களுடையதில் அணில் தென்னை நாரால் கூடு கட்டியிருந்தது. ஃபில்டர் சரி என்றால் டர்போ, அதாவது புகையின் விசையில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் இயந்திரம். இன்ஜினை நிறுத்தியதும் டர்போ கொஞ்ச நேரம் தானாகச் சுற்றி ஓய வேண்டும். சட்டென்று நின்றால் அதன் பேரிங் போயிருக்கிறது. வெள்ளைப் புகை முதல் பத்து நிமிஷம் வந்தால் கவலையில்லை, சூடான பிறகும் விடாமல் வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. நீலம் எண்ணெய் எரிவது. நின்ற இன்ஜினில் ரிங்குகள் கரியில் ஒட்டியிருக்கும், சில மணி நேரம் ஓடினால் பாதி தானாக விடும். அவசரப்பட்டு பிஸ்டனை இறக்காதீர்கள்.

லூப் ஆயில் பால் மாதிரி இருக்கிறது

குச்சியில் எடுத்துப் பார்த்தால் மோர் கலந்த மாதிரி தெரியும். ஷெட்டில் ஆய்வகம் இருந்தது. இங்கே ஒரு பழைய தோசைக்கல் இருக்கிறது. நன்றாகக் காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அமைதியாகப் பரவிப் புகைந்தால் தண்ணீர் இல்லை. பொரிந்து படபடவென்று தெறித்தால் தண்ணீர் இருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் புழங்கும் கல்லை இதற்கு எடுக்க வேண்டாம்.

எண்ணெயை முழுக்க மாற்றி, ஒரு மணி நேரம் சூடாக ஓட்டி, மறுநாள் காலையில் மறுபடி தோசைக்கல் சோதனை. பொரியவில்லை என்றால் முன்னால் இருந்தது ஈரக்காற்றின் தண்ணீர், போய்விட்டது. மறுபடி பொரிந்தால் உள்ளே ஒழுகல். அதைக் கண்டுபிடிக்க இன்ஜினை நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, கிராங்க் கேஸ் கதவுகளைக் கழற்றுங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது, உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவி காற்றுப் பட்டு வெடிக்கும். ஆறிய பிறகு தண்ணீர் வழியில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி வைத்துவிட்டு, டார்ச் அடித்துக் கீழிருந்து மேலே பாருங்கள். லைனரின் அடிவிளிம்பில் சொட்டு கட்டினால் ரப்பர் ரிங். நின்ற லோக்கோவில் நான் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான், ரப்பர் காய்ந்து கல்லாகிவிடும். அங்கே இல்லை என்றால் ஆயில் கூலரின் குழாய்கள், அப்புறம் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர் கூலர்.

சூடு ஏறுகிறது

ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே உப்பும் மணலும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். குத்திக் கிளறாதீர்கள், துடுப்பு மடியும். நல்ல தண்ணீரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக விட்டு, பலமுறை ஊறவைத்துக் கழுவுங்கள்.

உள்ளே ஊற்றும் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் போர்த்தண்ணீரை ஒரு குடம்கூட ஊற்றாதீர்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குடிக்க நல்லது, இன்ஜினுக்குப் போதாது. பாட்டரிக்கு வாங்குவது போன்ற உப்பு நீக்கிய தண்ணீர்தான், அதோடு போரேட் நைட்ரைட் மருந்தும் சேர வேண்டும். செலவுதான். ஆனால் துரு ஒருமுறை தொடங்கினால் லைனரின் வெளிச்சுவரில் குழி குழியாக விழும், அப்போது ஆகும் செலவு இதைப்போல் பல மடங்கு.

வேக ஹேண்டிலை முதல் படிக்கு (நாட்ச்) தூக்கினால் கிரவுண்ட் ரிலே விழுகிறது

கடலோர லோக்கோவின் பெரிய வியாதி இது. உயர் அழுத்த மின்வழியில் எங்கோ மின்சாரம் பாடிக்குக் கசிகிறது என்று அந்த ரிலே சொல்கிறது. ரிலேயைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. அதைத் தொடாதீர்கள். நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் ஓடும் வழி அது.

சக்கரங்களைச் சுழற்றும் ஆறு டிராக்ஷன் மோட்டாரையும் ஒவ்வொன்றாகக் கட் அவுட் செய்து முயலுங்கள். எதை வெட்டினால் ரிலே விழவில்லையோ அந்த மோட்டார்தான். எங்களுக்கு எதை வெட்டினாலும் விழுந்தது. அப்படியென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட மோட்டார், அல்லது ஜெனரேட்டரே. பாட்டரி கத்தி ஸ்விட்ச்சைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு மோட்டாரின் கம்பியையும் தனியாகப் பிரித்து, 500 வோல்ட் மெகர், அதாவது மின்கசிவு சோதிக்கும் மீட்டர், வைத்தோம். ஒரு மெகாஓமுக்கு மேல் வர வேண்டும்.

இங்கேதான் ஒரு விநோதம். மத்தியானம் வைத்தபோது ஆறும் நல்ல எண் காட்டின. சந்தோஷமாகக் கம்பிகளைச் சேர்த்தோம். மறுநாள் காலையில் ஹேண்டிலைத் தூக்கினால் ரிலே விழுகிறது. பல்பு கட்டிக் காயவைத்தோம், 200 வாட் பல்பு மோட்டாருக்கு இரண்டு, இரண்டு ராத்திரி. சரியானது. மூன்றாம் நாள் பழையபடி.

காரணம் உப்பு. பிரஷ் ஹோல்டரின் இன்சுலேட்டர்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உப்புப் படலம் இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வெயிலில் காய்ந்து நல்லவன் மாதிரி இருக்கும், விடியற்காலைப் பனியில் நனைந்து மின்சாரத்துக்கு வழி விடும். உப்பைக் கழுவாமல் எவ்வளவு காயவைத்தாலும் ஈரம் திரும்ப வரும். அதனால் முதலில் உப்பு நீக்கிய தண்ணீரில் நனைத்த துணியால் இன்சுலேட்டர், பிரஷ் ஹோல்டர், கம்பி முனை எல்லாவற்றையும் துடையுங்கள். துணியைப் பிழிந்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். எண் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றால் உப்பு போய்விட்டது. அப்புறம் பல்பு கட்டிக் காயவைத்து, இன்சுலேட்டிங் வார்னிஷ் ஒரு பூச்சு.

மெகரை விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு வையுங்கள். அந்த நேரத்தில் தேறினால் எந்த நேரமும் தேறும்.

வாக்குவம் ஏறவில்லை, பிரேக் விடவில்லை

இந்த வண்டியில் ரயிலுக்கு வாக்குவம் பிரேக். கேஜ் பாதரசக் கணக்கில் 53 சென்டிமீட்டர் காட்ட வேண்டும். ஏறாவிட்டால் ஹோஸ்களில் மயிரிழை வெடிப்பு. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஹோஸ் நெடுகக் கொண்டுபோங்கள். புகை எங்கே உள்ளே வளைகிறதோ அங்கே கசிவு. டீசல் டேங்க் பக்கம் மட்டும் ஊதுபத்தியோடு போகாதீர்கள்.

லோக்கோ பிரேக் பிடித்து விடவில்லை என்றால் சிலிண்டரையும் வால்வையும் கழற்றுவதற்கு முன்னால் காற்று வெளியேறும் துவாரத்தைப் பாருங்கள். எங்கள் வண்டியில் அதற்குள் வேட்டுவாளிக் குளவி மண்கூடு கட்டி, அது சிமெண்டாக இறுகியிருந்தது. காற்றுக்கு வெளியே போக வழியில்லை. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தோம், உஸ் என்று பிரேக் விட்டது. மணல் குழாய், ஹாரன் குழாய், கேஜ் குழாய் எல்லாவற்றிலும் இதே குளவி இருக்கும். சுத்தம் செய்த துவாரங்களுக்குக் கொசுவலைத் துணி கட்டி வையுங்கள்.

நகரும்போது சத்தம்

நகர்த்தும் முன் டிராக்ஷன் மோட்டாரின் சஸ்பென்ஷன் பேரிங் மூடிகளைத் திறந்து திரியைத் தொட்டுப் பாருங்கள். கம்பளித் திரிதான் எண்ணெயை ஆக்ஸிலுக்கு ஏற்றுகிறது. எட்டு வருஷத்தில் அது காய்ந்து அட்டையாகியிருக்கும். புதுத் திரியை ஒரு நாள் முழுக்க எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். கியர் கேஸில் கார்டியம் காம்பவுண்ட் என்ற கெட்டி மசகு இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் ஒரு கேஸின் அடி துருவில் ஓட்டையாகி, பாதி வெளியே ஒழுகியிருந்தது.

ஆக்ஸில் பெட்டிகளில் உருளை பேரிங். ஒரே இடத்தில் 72 டன்னைத் தாங்கி நின்றதால் ஒவ்வொரு உருளையும் பாதையில் தடம் பதித்திருக்கும். மெதுவாக நகர்த்தினால் கட்-கட் என்று சீராகக் கேட்கும். அது கேட்டால் வண்டியை நீண்ட தூரம் ஓட்ட முடியாது, பேரிங் மாற்ற வேண்டும். நூறடிக்குள் முன்னும் பின்னும் போக அது தடையில்லை.

நாங்கள் போன மாசம் முதல் தடவை நகர்த்தினோம். முப்பதடி. காலை ஆறு மணி, மெகர் தேறிய அரை மணி கழித்து. பையன் தரையில் ஒவ்வொரு ஆக்ஸில் பெட்டிக்கும் காதைக் கொடுத்து கூடவே நடந்தான். இரண்டாவதும் ஐந்தாவதும் கட்-கட் என்கின்றன, மற்றவை அமைதி. இப்போது அந்த இரண்டுக்கும் பேரிங் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை வாரம் ஒரு முறை டெஸ்ட் காக் திறந்து, கையால் இரண்டு சுற்று, அப்புறம் ஒரு மணி நேரம் சூடாக ஓட்டம். நிறுத்தியதும் புகைபோக்கிக்குத் தகர மூடி. அந்த மூடியைப் பையன் சங்கிலி போட்டு ஏணியோடு கட்டி வைத்திருக்கிறான், யாரும் மறக்கக் கூடாது என்று.